மனச்சோர்வு ஸ்கேனில் தெரியுமா? மூளை ஆய்வுக்குப் போய் வந்த அனுபவம்

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று நாலு பேரிடம் வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தீங்களா? அதுல தெரியுமா?" கேட்பவர்கள் வம்புக்குக் கேட்பதில்லை. காலேஜை விட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மகனுக்காகக் கேட்கிறார்கள், பிரசவத்துக்குப் பிறகு சிரிப்பே இல்லாமல் போன தங்கைக்காகக் கேட்கிறார்கள், பல சமயம் "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு" என்று சொல்லிவிட்டுத் தங்களுக்காகவே கேட்கிறார்கள். நான் இரண்டு வகை ஸ்கேனுக்கும் போயிருக்கிறேன். ஒன்று டாக்டர் எழுதிக்கொடுத்தது. இன்னொன்று, பெங்களூரில் வேலையில் இருந்தபோது மனச்சோர்வு பற்றிய ஒரு ஆராய்ச்சிக்காக நானே முன்வந்து எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ வீடுகளில் வீண் சண்டையும் வீண் செலவும் நடக்கிறது, அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

முதல் ஸ்கேன் ஊரில் எடுத்தது. ஓயாத தலைவலி, காலையில் எழுந்திருக்க முடியாத அசதி, எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்று தெரியாத மறதி. ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்றார்கள். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தது. அம்மா அந்தக் கவரை பீரோவில் பத்திரப்படுத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் தீர்ப்பு. "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுல்ல, அப்புறம் ஏண்டி படுத்தே கெடக்க? எந்திரிச்சு ஒரு வேலையைப் பாரு, எல்லாம் சரியாப் போயிரும்." பெரியப்பா போனில் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த எம்.ஆர்.ஐ. எதைத் தேடியது என்று எங்களிடம் யாருமே சொல்லவில்லை, அதுதான் வருத்தம். கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதத்தின் தடம், நரம்பு உறையின் பாதிப்பு, இப்படிப்பட்டவற்றைப் பார்க்கத்தான் அது. மனச்சோர்வைத் தேடவும் இல்லை, தேடினாலும் கிடைக்காது. 'நார்மல்' என்றால் 'கட்டி இல்லை' என்று பொருள், 'உனக்கு நோய் இல்லை' என்று பொருள் அல்ல. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் சிகிச்சை எவ்வளவோ முன்னால் தொடங்கியிருக்கும்.

அதனால் யாராவது ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் அங்கேயே கேளுங்கள்: "டாக்டர், இது எதைத் தேடுறதுக்கு? ஒண்ணும் இல்லைன்னு வந்தா அடுத்து என்ன?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசதி, மந்தம், மனம் ஒட்டாமை என்று வருகிறவர்களுக்கு ஸ்கேனைவிட முதலில் பயன்படுவது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. இதில் எது குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியலாம், சரிசெய்யவும் முடியும். எனக்கு அவை எல்லாம் சரியாக இருந்தன, அதற்குப் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன்.

ஆய்வு பற்றிச் சொன்னதும் அந்த மருத்துவர்தான். மனச்சோர்வு உள்ளவர்கள் உணர்ச்சியை எப்படிக் கையாளுகிறார்கள், அது கவனத்தையும் ஞாபகத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று எஃப்.எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கிறார்கள், விருப்பம் இருந்தால் போய்க் கேளுங்கள் என்றார். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். எஃப்.எம்.ஆர்.ஐ. அதே இயந்திரத்தில், மூளையின் எந்தப் பகுதிக்கு எந்த நேரத்தில் ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று பார்க்கும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதை வைத்து மூளையைப் படம் எடுக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எலிகளை வைத்துக் காட்டினார். 1992 முதல் மனிதர்களிடம் பயன்பட ஆரம்பித்தது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அது பார்ப்பது ரத்த ஓட்டத்தை. எண்ணத்தையோ சோகத்தையோ அல்ல. நரம்பு செல்கள் வேலை செய்த பிறகு 5 அல்லது 6 விநாடி கழித்துத்தான் அந்த ரத்த ஓட்டமே உச்சத்துக்கு வரும்.

எனக்கு அதில் சேர ஆசை வந்த காரணம் பீரோவில் இருந்த அந்த ரிப்போர்ட்தான். அது வீட்டில் என் வாயை அடைத்தது என்றால், வேறொரு படம் அதைத் திறக்கும் என்று நினைத்தேன். மூளையில் இந்த இடம் சிவப்பாக இருக்கிறது பாருங்கள் என்று ஒரு தாளை அம்மா கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆய்வில் சந்தித்த வேறு சிலரும் இதையே சொன்னார்கள், நோயைவிட நம்பப்படாமல் இருப்பதுதான் அவர்களுக்கும் பெரிய பாரமாக இருந்தது.

முதல் நாள் ஸ்கேன் அறைப் பக்கமே போகவில்லை. முழுக்கப் பேச்சு. ஒரு உளவியலாளர் உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்டார். தூக்கம் எப்போது கலைகிறது, விடியற்காலையிலா நடுராத்திரியிலா? பசி? எடை? முன்னால் பிடித்த விஷயம் இப்போது பிடிக்கிறதா? உங்களால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று தோன்றுகிறதா? சாக வேண்டும் என்று நினைத்தது உண்டா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஹாமில்டன் அளவுகோல் என்று ஒன்று, 1960-லிருந்து இருக்கிறது. பி.எச்.க்யூ. 9 என்று இன்னொன்று, 9 கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் குறிப்பாகக் கேட்டதே இல்லை. "என்னம்மா கவலை?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் "காலையில மோசமா இருக்கா, சாயங்காலமா?" என்று கேட்டால் பதில் தானாக வருகிறது. எனக்குக் காலைதான் மோசம், அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

ஆய்வில் இரண்டு கூட்டம் உண்டு, மனச்சோர்வு உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். யார் எந்தப் பக்கம் என்று பிரித்தது அந்த இயந்திரம் அல்ல. இந்தப் பேச்சுதான். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தை வைத்திருப்பவர்களே, ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவரிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள், அவர் சொல்வதை நம்புகிறார்கள், அதற்குப் பிறகுதான் படம் எடுக்கிறார்கள். உலகத்தில் மனச்சோர்வு பற்றி வந்த மூளைப்பட ஆய்வு எதை எடுத்தாலும் இதுதான் அஸ்திவாரம். எனக்கு இது புரிந்தபோது, நான் தேடிவந்த படத்தின் மேலிருந்த ஏக்கம் பாதி குறைந்துவிட்டது.

சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டியது அவர்கள் கடமை, 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அது இருக்கிறது. ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஸ்கேனில் தற்செயலாக வேறு ஏதாவது, ஒரு சின்னக் கட்டி என்று வைத்துக்கொள்வோம், தெரியவந்தால் உங்களுக்குச் சொல்வார்களா, எப்படிச் சொல்வார்கள் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: சில ஆய்வுகளுக்கு மருந்து சாப்பிடாதவர்கள்தான் தேவைப்படுவார்கள். அதில் சேருவதற்காக ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். மருந்து சாப்பிடுபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வுகளும் நிறைய உண்டு. நான் போனது அப்படி ஒன்றுதான்.

ஸ்கேன் நாளன்று காலையில் காபி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காபி மூளையின் ரத்த ஓட்டத்தை மாற்றும், அவர்கள் அளப்பதும் அதைத்தான். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பெண்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். புடவையில் போனால் எங்கே எத்தனை சேஃப்டி பின் குத்தியிருக்கிறோம் என்று நமக்கே தெரியாது, அந்தக் காந்தம் 3 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 60,000 மடங்கு, இரும்பு ஊசியைத் தூக்கி அடிக்கும். பின், ஹேர்பின், கொலுசு, மெட்டி, கம்பி வைத்த உள்ளாடை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அவர்கள் தரும் உடுப்பைப் போட்டுக்கொள்வது நல்லது. கண்மையும் வேண்டாம். தாலியையும் கழற்றச் சொல்வார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா அந்த இடத்தில் நின்றுவிட்டார், முகம் வாடிப்போயிற்று. அங்கிருந்த நர்ஸ் ஒன்றும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து மஞ்சள் தடவிய நூல் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாலிக்கொடியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இப்படி ஒன்று வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வீட்டிலிருந்தே நூல் கொண்டு போகலாம்.

உள்ளே படுத்ததும் தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து அசையாமல் பண்ணினார்கள். முகத்துக்கு மேல் ஒரு கூண்டு, அதில் சின்னக் கண்ணாடி, அதன் வழியாகப் பின்னால் இருக்கும் திரை தெரியும். வலது கையில் பட்டன், இடது கையில் ஒரு ரப்பர் பந்து, பயமாக இருந்தால் அதை அமுக்க வேண்டும், உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். அமுக்கினால் ஆய்வு கெட்டுப்போகுமே என்று சங்கடப்படாதீர்கள், அதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். காதில் அடைப்பான் வைத்தும் சத்தம் பலமாகத்தான் கேட்கும். முதலில் தட்டுவது, அப்புறம் அலறுவது, அப்புறம் ஒரே சீராக இடிப்பது. ஸ்பீக்கரில் டெக்னீஷியன் குரல், கன்னடம் கலந்த தமிழில், "மேடம், தலை மட்டும் ஆட வேண்டாம், எச்சில் முழுங்கறதும் மெல்ல." ஓரிரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலே அந்தப் பகுதிப் படம் பாழாகிவிடும் என்று பிறகு சொன்னார்கள்.

முதல் வேலை முகங்கள். திரையில் மேலே ஒரு முகம், கீழே இரண்டு, மேலே இருக்கும் முகத்தின் உணர்ச்சி கீழே எதில் இருக்கிறதோ அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். கோபம், பயம், சந்தோஷம், ஒன்றுமே இல்லாத முகம். எல்லாம் நம்மூர் முகங்களாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உலகம் முழுக்க இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் முகங்களைத்தான் காட்டுவார்கள். இந்திய முகங்களை வைத்து ட்ரெண்ட்ஸ் என்ற ஒரு தொகுப்பை, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள், நடிகர்களை நடிக்கவைத்து எடுத்தது. எனக்குக் கோப முகத்தில் குழப்பமே வரவில்லை. ஒன்றுமில்லாத முகம்தான் படுத்தியது. ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துச் சலித்துக்கொள்வதாகவே பட்டது.

இது எனக்கு மட்டும் இல்லை என்று வெளியே வந்தபின் தெரிந்துகொண்டேன். மனச்சோர்வு உள்ளவர்கள் சாதாரண முகத்தையும் சோகமாக, வெறுப்பாகப் படிக்கும் போக்கு பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. என் வாழ்க்கையில் இதற்கு நேரடி உபயோகம் உண்டு. காலையில் என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்ப்பார், நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு அந்த நாள் முழுக்க உள்ளுக்குள் வாதாடிக்கொண்டிருப்பேன். இப்போது கேட்டுவிடுகிறேன்: "என்மேல ஏதும் வருத்தமா?" பெரும்பாலும் அவர் மதியம் கட்ட வேண்டிய இ.எம்.ஐ.யை யோசித்துக்கொண்டிருப்பார். முகத்தை வைத்து முடிவு செய்யாமல் வாயைத் திறந்து கேட்பது என்று நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை பாதியாகிவிட்டது.

அடுத்த வேலை ஞாபகம். எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இப்போது வந்தது இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததா என்று பார்த்து அழுத்த வேண்டும். கேட்கும்போது சுலபம். நான் வங்கிக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், எண்களோடு புழங்குகிறவள், ஆனால் அன்று கொஞ்ச நேரத்தில் வியர்த்துவிட்டது. முடித்ததும் என் மதிப்பெண் மிக மோசமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆய்வாளர் பொதுவாகச் சொன்னார், மனச்சோர்வு உள்ளவர்களில் பலர் இதில் நினைப்பதைவிட நன்றாகவே செய்கிறார்கள், ஆனால் அதற்காக அவர்கள் மூளை படும் பாடு அதிகம் என்று. 2005-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதே சோதனையைச் செய்து வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் 10 பேர், இல்லாதவர்கள் 10 பேர். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண், ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மூளையின் முன்பகுதி கூடுதலாக வேலை செய்தது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆபீசில் எல்லாரும் செய்யும் அதே வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவேன், சோம்பேறி என்று பெயர். கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவை குறைவது மனச்சோர்வின் ஒரு பகுதி, மனநிலை தேறிய பிறகும் அது சிலருக்குக் கொஞ்சம் நீடிக்கும் என்று 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். எனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டாளே, இன்னும் ஏன் மறக்கிறாள் என்று வீட்டில் கேட்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது அழுகையைப் பற்றி மட்டும் சொல்லாமல், "படிச்ச பக்கத்தையே திரும்பப் படிக்கிறேன், ஒரு முடிவெடுக்க நேரமாகுது" என்பதையும் சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் அது விட்டுப்போகும்.

கடைசியில் சும்மா இருக்கச் சொன்னார்கள். திரையில் ஒரு கூட்டல் குறி, அதைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்க வேண்டும், குறிப்பாக எதையும் யோசிக்க வேண்டாம். மொத்த ஸ்கேனிலும் எனக்குக் கஷ்டமான நேரம் அதுதான். முகமோ எழுத்தோ வந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும், சும்மா இரு என்றால் பழைய விஷயம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. ஒரு வேலையும் செய்யாதபோது சேர்ந்து இயங்கும் சில பகுதிகள் மூளையில் உண்டு என்று மார்கஸ் ரைக்லி குழு 2001-ல் எழுதியது. தன்னைப் பற்றிய யோசனை, பழைய நினைவு எல்லாம் அந்தப் பகுதிகளோடு தொடர்புள்ளவை. மனச்சோர்வில் இந்த வலைப்பின்னல் கூடுதலாக இறுகிக்கிடக்கிறது, அதனால்தான் ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று சில ஆய்வுகள் சொல்லின. கேட்க மிகப் பொருத்தமாக இருந்தது. ஆனால் 2019-ல் சீனாவில் 25 இடங்களின் தரவைச் சேர்த்து, 1,300 நோயாளிகளையும் நோய் இல்லாத 1,128 பேரையும் பார்த்தபோது நேர்மாறாக வந்தது. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்த இணைப்பு குறைவாக இருந்தது, அந்தக் குறைவுக்கும் மருந்து எடுப்பதற்கும் தொடர்பு தெரிந்தது. நம் அனுபவத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஒரு ஆய்வை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து படத்தைக் கேட்டேன். என் மூளையின் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டினார்கள், அழகாகத்தான் இருந்தது. கலர் படம் எங்கே என்றேன். அந்த ஆராய்ச்சி மாணவி பொறுமையாக விளக்கினார். சிவப்பும் மஞ்சளுமாக நாம் பார்க்கும் படம் ஒருவருடைய மூளையின் போட்டோ அல்ல. மூளையைச் சுமார் 3 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கட்டங்களுக்கு நிறம் கொடுக்கிறார்கள். அ பிரிவின் சராசரி மார்க் 62, ஆ பிரிவின் சராசரி 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 61 வாங்கிய ஒரு பையனைக் காட்டி இவன் எந்தப் பிரிவு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

மனச்சோர்வு ஆய்வுகளின் நிலைமையும் இதுதான். 2022-ல் 861 நோயாளிகள், 948 நோயில்லாதவர்கள் என்று 1,809 பேரை வைத்து ஜெர்மனியில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மூளையின் அமைப்பு, இயக்கம், இணைப்பு என்று எந்த அளவை எடுத்தாலும் இரண்டு கூட்டமும் 87 முதல் 95 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. தனி ஒருவரை மூளையளவு ஒன்றை வைத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கப் பார்த்தால் 54 முதல் 56 சதவீதம்தான் சரியாக வந்தது, நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அதற்கு முன்னால், 2017-ல், உணர்ச்சி, சிந்தனை இரண்டையும் சோதித்த 99 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, எல்லாவற்றிலும் ஒத்துவரும் ஒரு இடம் மூளையில் அகப்படவில்லை. ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மனச்சோர்வில் சற்றுச் சிறியதாக இருக்கிறது என்று 1,728 நோயாளிகளையும் நோய் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்ட எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு ஆய்வு 2016-ல் சொன்னது. அது உறுதியான முடிவுதான், ஆனால் வித்தியாசம் மிக மிகச் சிறியது.

இதையெல்லாம் நான் விரக்தியோடு சொல்லவில்லை. இவ்வளவு நேர்மையாகத் தங்கள் முடிவுகளையே திரும்பச் சோதிக்கும் ஆட்கள் நம் நோயின்மேல் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தைரியமாக இருக்கிறது. ஆனால் இதையே மறைத்து விற்பவர்களும் உண்டு. பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். சுவர் முழுக்கக் கலர் மூளைகள். 'டிப்ரஷன் மூளை', 'நார்மல் மூளை' என்று பக்கத்தில் பக்கத்தில். தலையில் தொப்பி மாட்டி ஒரு வரைபடம் எடுப்போம், அதை வைத்து எந்த மருந்து என்று முடிவு செய்வோம் என்றார்கள், சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. இதை வைத்து ஒரு தனி ஆளுக்கு நோய் உறுதி செய்யலாம் என்று எந்த மருத்துவ அமைப்பு சொல்கிறது என்று கேட்டேன். பதில் சுற்றிவளைத்து வந்தது. எழுந்து வந்துவிட்டோம். அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் 2018-ல் வந்த விரிவான பரிசீலனை தெளிவாகச் சொல்லிவிட்டது, எந்த மனநோயையும் கண்டறிய மூளைப்படம் இப்போதைக்குப் பயன்படாது என்று. அந்தக் காசில் எத்தனை மாத மருந்து வாங்கலாம், எத்தனை முறை கவுன்சிலிங் போகலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ஆய்வுகளிலிருந்து நான் அன்றாடம் பயன்படுத்தும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கிரெக் சீகல் என்பவர் குழு 2002-ல் வெளியிட்டது. மனதைப் புண்படுத்தும் ஒரு சொல்லைக் காட்டிவிட்டு, உடனே உணர்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஞாபக வேலையைக் கொடுத்தார்கள். நோய் இல்லாதவர்களுக்கு, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் துடிப்பு 10 விநாடிக்குள் அடங்கிவிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 25 விநாடி கழித்தும், அடுத்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதும், அது அடங்கவில்லை. அதிலும் 7 நோயாளிகள்தான், அதனால் இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில் அது விநாடிக் கணக்கில் நிற்பதில்லை. மேலாளர் ஏதாவது சொல்லிவிட்டால் அடுத்து வரும் கணக்கில் தப்பு விழும். அதனால் மனதைக் கலக்கும் போன் வந்தால், உடனே பணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடுவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, ஃபைல் அடுக்குவது, தேதி முத்திரை குத்துவது என்று கை மட்டும் போதுமான வேலையைச் செய்துவிட்டு அப்புறம்தான் கணக்குக்கு வருவேன். செய்ய வேண்டியவற்றை மனதில் வைத்துக்கொள்ள முயற்சி செய்வதே இல்லை, எல்லாம் ஒரே நோட்டில். முக்கியமான முடிவுகள் சாயங்காலத்துக்கு, என் காலைகள் எப்படி என்றுதான் எனக்குத் தெரியுமே.

மருந்தை ஆரம்பித்து ஒரு வாரத்தில் "ஒண்ணும் தெரியல" என்று விட்டுவிடுபவர்களுக்காக ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் குழு 2009-ல் காட்டியது, மருந்தின் ஒரே ஒரு வேளைக்குப் பிறகே மனச்சோர்வு உள்ளவர்கள் சந்தோஷ முகங்களை முன்பைவிட நன்றாக அடையாளம் கண்டார்கள், ஆனால் அவர்களுடைய மனநிலையில் அப்போது ஒரு மாற்றமும் இல்லை. அதாவது பார்வையில் ஏதோ அசைய ஆரம்பித்துவிட்டது, அது மனதுக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களைத் தாண்ட வேண்டும். முதல் மருந்திலேயே முழுக்கத் தேறுபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது மருந்து மாற்றும்போது மனம் உடையாது. யாருக்கு எது சரிப்படும் என்று முன்பே சொல்ல முடியுமா என்பதுதான் மூளைப்பட ஆய்வுகளில் இப்போது நான் ஆர்வமாகக் கவனிப்பது. அமெரிக்காவில் ஹெலன் மேபர்க் குழு 2013-ல் இன்சுலா என்ற மூளைப் பகுதியின் இயக்கத்தை வைத்து, யாருக்கு மருந்து, யாருக்குப் பேச்சு சிகிச்சை என்று பிரிக்க வழி இருக்கலாம் என்றது. ஸ்டான்ஃபோர்டில் லீன் வில்லியம்ஸ் குழு 2024-ல் 801 பேரின் ஸ்கேனை வைத்து மனச்சோர்வையும் பதற்றத்தையும் 6 வகையாகப் பிரித்தது. இவை எதுவும் இன்னும் நம் ஊர் ஓ.பி.க்கு வரவில்லை. வர வேண்டும் என்றால் நம் ஊர் ஆட்களும் அந்த ஆய்வுகளில் இருக்க வேண்டும், அதனால்தான் வாய்ப்பு வந்தால் போங்கள் என்கிறேன்.

அம்மா விஷயம் மீதி இருக்கிறது. காட்டப் படம் இல்லை என்றானபின், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவளையே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டார்: "உங்க பொண்ணுகிட்ட என்னென்ன மாறிப்போச்சும்மா, எப்பலருந்து?" அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு ஆரம்பித்தாள். பூ வாங்கிக்கொடுத்தா வைக்கிறதில்ல. நாலு மணிக்கே முழிச்சுக்கிட்டுக் கெடக்கா. சீரியல் ஓடும், பார்க்கிற மாதிரி இருக்கும், என்ன கதைன்னு கேட்டா தெரியாது. தோசையை வெச்சிட்டு அடுப்பு முன்னாடியே நிப்பா, கருகினது தெரியாது. எனக்கே ஞாபகமில்லாத விஷயங்கள், மாத வாரியாகச் சொன்னாள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இதெல்லாம் இந்த நோயோட அடையாளம்தான்மா என்றார். அம்மா திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, மாத்திரை எப்ப எப்பன்னு மட்டும் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் அந்தப் பட்டியலை எடுத்து, இது எப்படி, இது எப்படி என்று அவளிடம்தான் கேட்கிறார். போன முறை பூவையும் சீரியலையும் அடித்துவிட்டார். தூக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதற்காக மருந்தின் நேரத்தை மாற்றியிருக்கிறார்.